வக்கீலம்மாவும் வேன்கார இசக்கியும்

சுகுணா வக்கீல் தொழிலுக்கு வந்த புதிதில், கோவில்பட்டி மெயின் ரோட்டில் அப்பாவின் மைதா மண்டிக்கு மேலே இருந்த மாடியறையில்தான் ஆபீஸ் போட்டாள். மதுரையில் சட்டம் படித்து முடித்து, கறுப்புக் கோட்டு தைத்து, வாசலில் பெயர்ப்பலகையும் மாட்டியாயிற்று. ஆனால் படியேறி வருகிறவர்கள் அவளைப் பார்த்ததும் அறைக்குள் கண்ணை ஓட்டுவார்கள்.

"சார் எப்பம்மா வருவாவ?"

"எந்த சார்?"

"வக்கீல் சாருதான்."

"நான்தான் வக்கீல்."

"அப்படியா... சரிம்மா, ஒரு ஜோலியாப் போயிட்டு வாரேன்" என்று இறங்கிவிடுவார்கள். சிலர் வந்ததற்குக் கீழே மைதா விலையாவது கேட்டுவிட்டுப் போவார்கள். அவளுடைய அப்பா செண்பகராஜ் கல்லாவில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்.

இது தொண்ணூற்று மூன்றாம் வருஷத்துக் கதை. நிலத் தகராறு, பாகப்பிரிவினை என்று எதுவும் ஒரு பெண் வக்கீலைத் தேடி வரவில்லை. மற்ற வக்கீல்கள் வேண்டாமென்று தள்ளிவிட்டவைதான் வந்தன. பஸ் கவிழ்ந்து இடுப்பு ஒடிந்தவர், லாரி மோதிக் கால் போனவர் போன்றவர்களின் வழக்குகள். அவற்றுக்காக ஆஸ்பத்திரிக்கும் போலீஸ் ஸ்டேஷனுக்கும் நடையாய் நடக்கவேண்டும். ஊனச் சான்றிதழுக்கு டாக்டர் வீட்டு வாசலில் காத்துக் கிடக்கவேண்டும். வருஷக்கணக்கில் இழுக்கும். சுகுணாவிடம் நேரம் நிறைய இருந்தது, நடந்தாள்.

நடக்க நடக்க அவளுக்கு ஒன்று புரிந்தது. அடிபட்டவர்கள் யாரும் தங்களுக்கு அநியாயம் நடந்ததாகவே நினைக்கவில்லை. "எந் தலையெழுத்தும்மா" என்பார்கள். "இது உங்க தலையெழுத்து இல்ல, அந்த பஸ்ஸோட பிரேக்கு" என்று அவள் சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு திகைப்பு வரும். அந்தத் திகைப்பைப் பார்ப்பது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்படித்தான் அவள் நஷ்டஈட்டு வக்கீல் ஆனாள்.

தொண்ணூற்று ஆறில், கோடை தொடங்கும் சமயம், மண்டியில் சாக்கு உதறி மடக்கும் சங்கரம்மாள் திடீரென்று வேலைக்கு வராமல் போனாள். சொல்லாமல் நிற்கிறவள் இல்லை. விசாரித்தபோது, அவள் மகள் ராமலட்சுமி தீக்காயத்தோடு ஆஸ்பத்திரியில் கிடப்பதாகச் சொன்னார்கள். சுகுணா அன்றே போனாள்.

கட்டிலில் கிடந்தவளுக்கு இரண்டு கைகளிலும் முழங்கை வரைக்கும் கட்டு. கழுத்தின் ஒரு பக்கம் வெந்திருந்தது. கல்யாண வயசுப் பெண். பசுவந்தனை ரோட்டில் சாமித்துரையின் தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்த்தவள். தீப்பெட்டித் தொழிற்சாலையை அங்கே ஆபீஸ் என்றுதான் சொல்வார்கள். மருந்து முக்கிய குச்சிகள் அடுக்கிய சட்டங்களைக் காயவைக்கத் தூக்கிப் போகும்போது, ஒரு சட்டம் இன்னொன்றோடு உரசியிருக்கிறது. உரசினது மட்டும்தான் அவளுக்குத் தெரியும்.

"ஆஸ்பத்திரியில என்ன எழுதியிருக்காவ?" என்று கேட்டாள் சுகுணா.

சங்கரம்மாள் சேலை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "வீட்டுல ஸ்டவ்வு வெடிச்சுன்னு எழுதியிருக்காவம்மா. ஆபீஸ் வேனுக்குப் பின்னாலயே பைக்குல வந்த கணக்கப்பிள்ள அப்படித்தான் சொன்னாரு. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் மொதலாளி பாத்துக்கிடுவாவ, வெளிய மூச்சு விடாதன்னும் சொன்னாரு."

"பாத்துக்கிட்டாவளா?"

"ரெண்டு நாளு பாத்தாவ."

ராமலட்சுமி கண்ணைத் திறந்து சுகுணாவைப் பார்த்தாள். "எங்க வீட்டுல ஸ்டவ்வே கெடையாதுக்கா" என்றாள். "வெறகுதான்."

சுகுணா அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னாள். பெட்டி ஒட்டவும் லேபிள் ஒட்டவும் பசை காய்ச்சுவதற்குத் தீப்பெட்டி ஆபீஸ்களுக்கு மைதா இல்லாமல் ஒரு நாள் ஓடாது. செண்பகராஜின் வியாபாரமே அந்த ஆபீஸ்களை நம்பித்தான். அதில் சாமித்துரை பெரிய புள்ளி.

"ஏட்டி, ஊருல வேற ஆளே கெடைக்கலயா ஒனக்கு?" என்றார். "சாமித்துரை மேல கேஸ் போட்டா, நாளைக்கு எந்த மொதலாளி எங்கிட்ட மூட்டை எடுப்பான்?"

"அந்தப் பிள்ளையோட அம்மா நம்ம மண்டியிலதானப்பா வேல பாக்கா."

"அதுக்கு நான் ஏதாவது செய்யுதேன். ஆஸ்பத்திரிச் செலவக் குடுத்திருவோம். கோர்ட்டு எதுக்கு?"

"நாம குடுத்தா தருமம்ப்பா. அவரு குடுத்தாத்தான் நஷ்டஈடு."

அவர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். ஆனால் போடாதே என்று மட்டும் சொல்லவில்லை. அப்பா சொல்லாமல் விட்ட அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் மறுநாள் சுகுணா மனுவை எழுத உட்கார்ந்தாள்.

வேலை செய்யும் இடத்தில் அடிபட்டால் முதலாளி நஷ்டஈடு தரவேண்டும் என்பது பழைய சட்டம்தான். அந்த வழக்குகளை விசாரிக்கிற அதிகாரி திருநெல்வேலியில் இருந்தார். சாமித்துரையின் வக்கீல் ஒரே வரியில் பதில் போட்டார். ராமலட்சுமி என்ற பெயரில் தங்கள் ஆபீஸில் யாரும் வேலை பார்க்கவே இல்லை. வருகைப் பதிவிலும் பெயர் இல்லை, சம்பளப் பட்டியலிலும் இல்லை. பாதிப் பெண்களுக்கு மேல் அப்படித்தான், பெயரில்லாமல் வேலை பார்த்தார்கள். ஆஸ்பத்திரிக் காகிதமோ ஸ்டவ் என்றது.

ஆக, அவள் அங்கே வேலை பார்த்தாள் என்று வாயைத் திறந்து சொல்ல ஓர் ஆள் வேண்டும். சுகுணா வெயிலில் ஊர் ஊராகப் போனாள். கரிசல் காட்டில் பஞ்செடுத்து முடிந்து பருத்திமார் பிடுங்கிப்போட்ட நேரம், வழியில் நிழலுக்கு ஒரு வேலிக்கருவைதான். ராமலட்சுமியோடு பக்கத்தில் உட்கார்ந்து குச்சி அடுக்கிய பெண்களின் வீடுகளில் தண்ணீர் கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள், அந்தப் பிள்ளைக்காகக் கண்ணீர்கூட விட்டார்கள். சாட்சி என்றதும் அடுப்படிக்குள் போய்விட்டார்கள். அவள் அவர்களைக் குறை சொல்லவில்லை. மழை பொய்த்த வருஷங்களில் அந்த வீடுகளில் உலை கொதித்ததே தீப்பெட்டி ஆபீஸ் சம்பளத்தில்தான்.

கடைசியாக வேன் டிரைவர் இசக்கியைப் பார்க்கப் போனாள். சுற்றுவட்டாரத்துக் கிராமங்களில் இருந்து விடியற்காலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து ஆபீஸில் விடுவதும், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் இறக்குவதும் அவர் வேலை. அன்றைக்கு ராமலட்சுமியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனதும் அவர்தான். வேனுக்கு அடியில் படுத்து ஏதோ முடுக்கிக்கொண்டிருந்தவர், அவள் சொன்னதையும் விசாரணைத் தேதியையும் கேட்டும் வெளியே வரவில்லை.

"எனக்கு ரெண்டு பொட்டப்பிள்ளைக இருக்கும்மா" என்று வேனுக்கு அடியில் இருந்து குரல் மட்டும் வந்தது. "போயிட்டு வாங்க."

சம்மன் அனுப்பி அவரை இழுத்திருக்கலாம். ஆனால் இழுத்துக்கொண்டு வந்து நிறுத்துகிற சாட்சி, முதலாளி சொல்லிக்கொடுத்ததைத்தான் சொல்லுவார் என்பது அதற்குள் அவளுக்குத் தெரிந்திருந்தது. விட்டுவிட்டாள்.

விசாரணை நாள் வந்தது. சாட்சி என்று காட்ட, பெற்ற தாயைத் தவிர வேறு ஆள் இல்லை. ராமலட்சுமியையும் சங்கரம்மாளையும் கூட்டிக்கொண்டு பஸ் நிலையத்தில் திருநெல்வேலி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள் சுகுணா. தோற்றுப்போவோம் என்று இவர்களிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தாள். பஸ் நகரத் தொடங்கியபோது ஒருவர் ஓடிவந்து தொற்றி ஏறினார். வெள்ளைச் சட்டை, தண்ணீர் தடவிச் சீவிய தலை. இசக்கி.

அவர் நேராக அவர்களிடம் வந்தார். ராமலட்சுமியின் பக்கம் பார்க்காமல் சுகுணாவிடம் கேட்டார்.

"சாயந்திரம் ஆபீஸ் பிள்ளைகளக் கொண்டுபோயி விடணும். அதுக்குள்ள முடிஞ்சிருமாம்மா?"

"முடிஞ்சிரும் அண்ணாச்சி" என்றாள்.

அவர் போய்ப் பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.

விசாரணை அறையில் சாமித்துரையும் இருந்தார். இசக்கி உள்ளே வருவதைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. இசக்கி அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் சாட்சி சொல்லும் இடத்தில் போய் நின்றார். ராமலட்சுமியை ரெண்டு வருஷமாகத் தானே ஏற்றிவந்து அந்த ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டதாகச் சொன்னார். தீப்பிடித்த அன்றைக்கும் அப்படித்தான் என்றார்.

எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். "முதலாளி மேல உமக்கு என்ன கோபம்?"

"கோவமா? அதெல்லாம் இல்ல சார். எம் மூத்த பிள்ளைக்குச் சடங்கு வச்சப்ப அவியதான் சாப்பாட்டுச் செலவ ஏத்துக்கிட்டாவ. இன்னைக்குக் காலையிலகூட அவியளுக்குத்தான் வேன் ஓட்டினேன். நல்ல மனுசன்தான். ஆனா இந்தப் பிள்ள அங்கனதான் வேல பாத்துச்சு."

"வேன் நிறையப் பொம்பளைகள் ஏறுகிறார்கள். இந்த ஒருத்தியை மட்டும் எப்படி ஞாபகம் வைத்திருக்கிறீர்?"



"ஏறுத எல்லாப் பிள்ளைகளயும் தெரியும் சார். இது தனியா நெனப்புல நின்னது அன்னைக்குத்தான்... எனக்குப் பின்னால இருக்க சீட்டுல படுக்க வச்சுக் கொண்டுபோனேன். சீட்டு ரெக்சின்ல கை ஒட்டிக்கிடுச்சு. ஆஸ்பத்திரி வாசல்ல தூக்கும்போது..." அவர் உள்ளங்கைகளைச் சட்டையில் துடைத்தார். "அந்தச் சீட்ட மாத்தியாச்சு சார். புதுசு போட்டாச்சு. ஆனா பிள்ளைக ஒண்ணுகூட அதுல உக்கார மாட்டேங்குதுக. நின்னுக்கிட்டே வருதுக."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். எதிர்த்தரப்பு வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அறையில் எல்லாரும் எங்கெங்கோ பார்த்தார்கள். சாமித்துரை தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்ததைச் சுகுணா கவனித்தாள்.

சில மாதங்களில் தீர்ப்பு ராமலட்சுமிக்குச் சாதகமாக வந்தது. சாமித்துரை மேல்முறையீட்டுக்குப் போகவில்லை. தொகையைக் கட்டிவிட்டார். அதில் ராமலட்சுமிக்கு மதுரையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். ஒட்டிப்போயிருந்த இடதுகை விரல்கள் ஓரளவு விரிந்தன. ஊனமுற்றோருக்கு டெலிபோன் பூத் வைக்க முன்னுரிமை இருந்த காலம் அது. சுகுணாவே அலைந்து விண்ணப்பம் போட்டாள். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், கண்ணாடிக் கதவு போட்ட மஞ்சள் பூத்துக்குள் ராமலட்சுமி உட்கார்ந்து இடதுகையால் நம்பர் சுழற்றினாள். முதல் நாள் முதல் போன் சுகுணாவின் ஆபீஸுக்குத்தான் வந்தது.

"அக்கா, லைன் நல்லாக் கேக்குதா?"

"நல்லாக் கேக்குது ராமலட்சுமி."

"சரிக்கா. வச்சிருதேன், ஆளு நிக்குது."

ஆனால் சாட்சி சொன்னதற்கு விலை இருந்தது. இசக்கியிடம் இருந்து வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மற்ற ஆபீஸ்காரர்களும் அவரைச் சேர்க்கவில்லை. சுகுணாவுக்கு இரவெல்லாம் அதே நினைப்பு. ஒரு பெண்ணுக்கு நியாயம் வாங்கப் போய், ரெண்டு பெண்பிள்ளை பெற்றவரின் வயிற்றில் அடித்துவிட்டோமே என்று. மண்டியிலும் விற்பனை படுத்துவிட்டது. தீப்பெட்டி ஆபீஸ் வண்டிகள் செண்பகராஜின் கடையைத் தாண்டி அடுத்த தெரு மண்டிக்குப் போய் நின்றன.

ஒரு காலையில் அவள் மாடிப்படி ஏறப்போனபோது, மண்டி வாசலில் ஒரு மினி லாரி நின்றது. அதற்கு அடியில் இருந்து ரெண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அப்பா, யாரது?"

செண்பகராஜ் கணக்கில் இருந்து தலையைத் தூக்காமலே சொன்னார். "இசக்கி. தீப்பெட்டி ஆபீஸ் இல்லன்னா என்ன, பேக்கரிக்காரன் மைதா வாங்க மாட்டானா? சங்கரன்கோவில், விளாத்திகுளம்னு வெளியூருக்கு அனுப்பலாம்னு இருக்கேன். வண்டிக்கு ஆளு வேணும்லா?"

சுகுணா அங்கேயே நின்றாள். "காப்பி குடிச்சீங்களாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

"அதெல்லாம் ஆச்சு. மேல போ. ஒன்னப் பாக்க ஆளு வந்து உக்காந்திருக்கு."

உண்மைதான். தீர்ப்புச் செய்தி கரிசல் காடெங்கும் பரவியிருந்தது. ஓட்டப்பிடாரத்தில் இருந்தும் குளத்தூரில் இருந்தும் ஆட்கள் வந்தார்கள். இப்போது யாரும் சாரைத் தேடவில்லை. உப்பளத்தில் விழுந்தவர், கிணறு வெட்டும்போது வெடியில் கண் போனவர், பட்டாசுக்காரர் வீட்டில் வேலைக்கு நின்று கை வெந்தவள் என்று வந்துகொண்டே இருந்தார்கள். இரண்டு வருஷம் போவதற்குள் ஒரு நாள் சாமித்துரையே மண்டிக்கு வந்து நின்றார்.

"அடுத்த தெருக்காரன் மைதாவுல பசை நிக்க மாட்டேங்குதுவே. லேபிளெல்லாம் உரியுது. ஒரு லோடு அனுப்பும்."

செண்பகராஜ் மேலே கையைக் காட்டினார். "கேஸ் போட்ட பிள்ள மாடியிலதான் இருக்கா" என்றார்.

"கோர்ட்டு வேற, மைதா வேறவே" என்றார் சாமித்துரை. பிறகு குரலைத் தாழ்த்தி, "இப்ப எல்லாப் பிள்ளைகளுக்கும் இன்சூரன்ஸ் போட்டாச்சு. மகக்கிட்டச் சொல்லும்" என்றார்.

சுகுணாவுக்கு எல்லா வழக்கும் ஜெயித்துவிடவில்லை. ரெங்கம்மாள் வழக்கை அவள் மறக்கவே முடியாது. ரெங்கம்மாளின் புருஷன் ஆட்டுக்கிடையில் இருந்து ஆடுகளை ஓட்டிக்கொண்டு பெரிய ரோட்டைக் கடக்கும்போது ஒரு லாரி அடித்துவிட்டு நிற்காமல் போய்விட்டது. நம்பரைப் பார்த்தவர் இல்லை. சுகுணா சாத்தூர் வரைக்கும் பட்டறை பட்டறையாகப் போய், முன்விளக்கு உடைந்த லாரி ஏதாவது வந்ததா என்று கேட்டாள். கிடைக்கவில்லை. அடையாளம் தெரியாத வண்டி அடித்தால் அரசாங்கம் கொடுக்கிற சிறு உதவியோடு சரி. அதைச் சொல்ல அவள் ரெங்கம்மாள் வீட்டுக்குப் போனபோது தலை நிமிரவில்லை.

ரெங்கம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எதுக்குத் தாயி மூஞ்சியத் தொங்கப்போடுத? அவரு செத்த மறுநாளே சாதிசனம் பூராவும் ஆடு எத்தன தப்பிச்சுன்னுதான் கேட்டாவ. நீ ஒருத்திதான் அவரு என்ன சாப்பிடுவாரு, எங்கிட்ட எப்படிப் பேசுவாரு, பேரப்பிள்ளைய எங்க கூட்டிட்டுப் போவாருன்னு உக்காந்து கேட்ட. நான் சொல்லச் சொல்ல எழுதிக்கிட்ட. அப்பத்தான் எனக்கு அழுகையே வந்துச்சு."

இழப்பு எவ்வளவு என்று காட்டுவதற்காக வக்கீல்கள் வழக்கமாகக் கேட்கிற கேள்விகள்தான் அவை. அதை அவள் ரெங்கம்மாளிடம் சொல்லவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்விகளை அவசரமாகக் கேட்பதை மட்டும் விட்டுவிட்டாள்.

இரண்டாயிரத்து நான்கில் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி அவளைத் தங்கள் தரப்பு வக்கீலாக வரச்சொல்லிக் கேட்டது. மாதம் தவறாமல் வழக்குகள் வரும், அலைச்சல் இல்லை. அதற்குள் அவளுக்குக் கல்யாணமாகியிருந்தது. பள்ளிக்கூட ஆசிரியரான கணவரும், "ஒன் இஷ்டம், நல்லா யோசிச்சுக்கோ" என்றார். யோசித்தாள். அதுவும் நேர்மையான வேலைதான், யாராவது செய்யத்தான் வேண்டும். ஆனால் நாளைக்கு ஒரு இசக்கி கூண்டில் நிற்பார். 'உமக்கு என்ன கோபம்' என்று தான் கேட்கவேண்டி வரும். அவளுக்கு அது வராது. வேண்டாமென்று எழுதி அனுப்பினாள்.

இரண்டாயிரத்து எட்டில், தை மாதம், இசக்கியின் இளைய மகள் ஐஸ்வர்யாவுக்குப் பசுவந்தனையில் கல்யாணம் நடந்தது. அந்த வருஷம் மழை தப்பாமல் பெய்திருந்தது. ரோட்டின் இருபுறமும் கம்பும் கொத்தமல்லியும் நின்றன. செண்பகராஜ் புது வேட்டி கட்டிக்கொண்டு மண்டிக்கு விடுமுறை விட்டுவிட்டார். ராமலட்சுமி புருஷனோடும் மகனோடும் வந்திருந்தாள். செல்போன் வந்தபிறகு பூத்தைச் செராக்ஸ் கடையாக மாற்றியிருந்தாள். கைகளை முந்தானைக்குள் ஒளித்துக்கொள்ளும் பழக்கம் எப்போதோ போயிருந்தது.

சாமித்துரையும் வந்திருந்தார். இசக்கி பத்திரிகை வைத்து அழைத்திருக்கிறார் என்று அப்போதுதான் சுகுணாவுக்குத் தெரிந்தது. பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவப் போன இடத்தில் அவரும் ராமலட்சுமியும் எதிரெதிரே நின்றார்கள். சுகுணா சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். அவருக்கு வயசாகியிருந்தது.

"நல்லாருக்கியா தாயி?"

"இருக்கேன் அண்ணாச்சி."

"இது ஒம் பயலா?"

"ஆமா. மூணாங்கிளாஸ் படிக்கான்."

அவர் பையனின் தலையில் கையை வைத்தார். பிறகு தலையை ஆட்டிவிட்டு நகர்ந்தார். ராமலட்சுமி குழாயைத் திறந்து மகன் கையை நீட்டிப் பிடித்துக் கழுவிவிட்டாள்.

அடுத்த பந்தியில் சுகுணா உட்கார்ந்தாள். இசக்கி பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பெண்ணைப் பெற்றவர் என்றும் பாராமல் ரசவாளியோடு வந்தார். அவள் இலைக்கு முன்னால் குனிந்தபோது, இத்தனை வருஷமாக எப்படியோ சொல்லாமலே விட்டதைச் சொன்னாள்.

"அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க வரலன்னா நான் மைதா யாவாரந்தான் பாத்துக்கிட்டு இருந்திருப்பேன். ஒங்களுக்கு ரொம்ப நன்றி."

இசக்கி அகப்பையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். கண் கலங்கியதை ரசத்தின் ஆவி மேல் போட்டுவிட்டு முகத்தைத் தோளில் துடைத்தார்.

"சோத்துல குழி வையுங்கம்மா, ரசம் ஓடுது" என்றார். "எலைய மூடிராதீங்க. பின்னாலயே பாயசம் வருது."

அவள் சோற்றில் குழி வைத்தாள். அவர் நிறைய ஊற்றினார்.